நம்ம டிவியும் உங்க டிவியும்

நெய்வேலிக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு பெண் தன் கணவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவதைத் தினமும் சாயங்காலம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு. நேத்து என்ன சொன்னே, இன்னிக்கு என்ன சொல்றே? கோட்டு மாட்டிக்கிட்டா எல்லாம் உண்மை ஆயிடுமா?"

கோட்டு என்றதும்தான் குழம்பிப் போனேன். அந்த அண்ணனை நான் பார்த்திருக்கிறேன். அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர். அவருக்கு ஏது கோட்டு?

உறைமோர் கேட்கும் சாக்கில் ஒருநாள் போனேன். அண்ணன் வீட்டிலேயே இல்லை. கூடத்தில் அக்காவும் டிவியும் மட்டும்தான். செய்தி வாசிப்பவர் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். அக்கா கையில் கரண்டியோடு அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"வா டீச்சர். இவனைப் பாரு. எந்தக் கட்சின்னு மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு."

நானும் உற்றுப் பார்த்தேன். என் கண்ணுக்குப் பவுடர்தான் தெரிந்தது.

என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்ததால் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். நெய்வேலியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அதனால் அக்காவுக்கு நான் கடைசிவரை 'டீச்சர்'தான். அவள் டவுன்ஷிப்பிலேயே பிறந்தவள். அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் பிளாக் நம்பரைச் சொல்வாள்.

அந்த வீட்டில் சேனல்களுக்கு அவற்றின் பெயர் கிடையாது. அக்கா பார்ப்பது 'நம்ம டிவி'. அண்ணன் பார்ப்பது 'உங்க டிவி'. இந்த இரண்டுக்கும் நடுவில் எதையும் அழுத்திச் சொல்லாத மூன்றாவது ஒன்று இருந்தது. அதற்கு 'வழவழா டிவி' என்று பெயர். நம்ம டிவி ஆளுங்கட்சிக்கு வேண்டியது, உங்க டிவி எதிர்க்கட்சிக்கு வேண்டியது என்பது பிளாக்கில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அக்கா ஒருத்தி மட்டும் முதல் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"உங்க டிவி இருக்கே, அது சார்பு. நம்ம டிவி உள்ளதை உள்ளபடி சொல்லுது. அது ஒருத்தருக்குச் சாதகமா இருந்தா அவன் என்ன பண்ணுவான்?" என்பாள்.

அண்ணன் சிரித்துக்கொண்டே, "எல்லாப் பயலும் ஒண்ணுதாம்மா. சோத்தைப் போடு" என்பார். அக்காவுக்கு உங்க டிவியை விட இந்தப் பேச்சின் மேல்தான் கோபம் அதிகம். "எல்லாம் ஒண்ணுன்னு சொல்லிட்டா யோசிக்கவே வேணாம் பாரு, அதான்" என்று தட்டை ணங்கென்று வைப்பாள்.

உங்க டிவியின் குற்றங்களைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு அசாத்தியத் திறமை. அது யாருடைய பேட்டியை நிற்கவைத்து எடுத்தது, யாரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தது, யார் பேசும்போது கீழே விலைவாசி ஓடியது, எல்லாவற்றையும் கவனிப்பாள். ஒருமுறை நாங்கள் நடைப்பயிற்சி போன மைதானத்தில் ஆளுங்கட்சிப் பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. முன்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம். பின்பக்கம் காற்று வாங்கியது. அன்றைக்கு உங்க டிவியில் முழுக்க முழுக்கக் காலி நாற்காலிகள். அக்கா கொதித்துப் போய் என்னைக் கூப்பிட்டாள்.

"நீயும்தானே பார்த்தே? அவ்வளவு ஜனம் உக்காந்திருக்கு, அவன் வேலை மெனக்கெட்டுப் பின்னாடி போய் நாற்காலியைப் படம் புடிச்சிருக்கான் பாரு."

"நம்ம டிவியில என்னக்கா காட்டினாங்க?"

"கூட்டத்தைக் காட்டினான்."

"நாற்காலியை?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "காலி நாற்காலியில என்ன செய்தி இருக்கு டீச்சர்?"

இப்படிப்பட்டவள் சொந்த விஷயத்தில் எப்படி என்று கேட்டால், அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம் இருந்தது. மரம் பின்வீட்டாருடையது, கிளை அக்கா பக்கம். ஒருநாள் அந்தக் கிளையில் பழுத்த பழத்தை அக்கா பறித்துவிட்டாள். பின்வீட்டம்மா கேட்க, பேச்சு வளர்ந்துவிட்டது. நான் பள்ளியிலிருந்து வந்ததும் அக்கா முழுச் செய்தியும் வாசித்தாள். "நான் பொறுமையாத்தான் கேட்டேன் டீச்சர். 'எங்க ஓட்டு மேல விழுந்தா யாருங்க பொறுப்பு'ன்னு மெதுவாக் கேட்டேன். அந்தம்மா காட்டுக் கத்தலாக் கத்துது." மறுநாள் காய்கறிக் கடையில் பின்வீட்டம்மாவைப் பார்த்தேன். அவர் வாசித்த செய்தியில் அவர் மெதுவாகக் கேட்டிருந்தார், அக்கா கத்தியிருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு தாத்தா மட்டும், இரண்டு பேருடைய சத்தத்திலும் தன் மதியத் தூக்கம் போனதாகச் சொன்னார். இதை அக்காவிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. பலாச்சுளையை மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்காவின் செய்தி அரட்டைக்கு என்னைத் தவிர இன்னொரு நிரந்தர ரசிகை உண்டு. கீரை விற்கும் அஞ்சலை. குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் காலை டவுன் பஸ்ஸில் கூடையோடு வந்து, பிளாக் பிளாக்காக விற்றுவிட்டுப் போகிறவள். அக்கா வயதுதான் இருக்கும். வியாபாரம் முடிகிற நேரத்தில் அக்கா வீட்டு வாசற்படியில் வந்து உட்காருவாள். அக்கா டீ கொடுப்பாள். கதவைத் திறந்து வைத்தால் படியிலிருந்தே டிவி தெரியும். கோட்டுக்காரரை அக்கா திட்டத் திட்ட, அஞ்சலை டம்ளரை ஊதிக்கொண்டே, "பாவங்க யக்கா, சம்பளத்துக்குப் பேசிகினு இருக்குறான். வுட்டுடுங்க" என்பாள். பதினைந்து இருபது வருஷப் பழக்கம். அஞ்சலையின் மகள் பிரசவத்துக்கு அக்காதான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாளாம்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும், அவர்கள் ஊர் வழியில் இருந்த பாலத்தை இடித்துக் கட்டினார்கள். அதற்காக அந்த டவுன் பஸ்ஸை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். பாலம் வேலை முடிந்தது. பஸ் மட்டும் பழைய பாதைக்குத் திரும்பவில்லை. கூடைக்காரப் பெண்கள் மெயின் ரோடு வரைக்கும் நடந்துவந்து ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. கூடைக்குத் தனியாகக் காசு. மனு கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் எல்லோருமாக வந்து டவுன்ஷிப்பின் நுழைவாசலான ஆர்ச் கேட் பக்கம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூட நேரம். வேன்களும் பஸ்களும் வரிசையாக நின்றன. வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவும் மாட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஓர் இளம் நிருபர் அவள் முன்னால் வந்து நின்றார். ஒரே கையில் இரண்டு மைக். ஒன்று நம்ம டிவி, இன்னொன்று உங்க டிவி. சின்ன ஊர்களில் இரண்டுக்கும் ஒரே ஆள்தான் செய்தி அனுப்புவார் என்பது அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரியுமாம்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. பலாமரத்துப் பின்வீட்டம்மாகூட வந்திருந்தார். அக்கா பட்டுப்புடவை கட்டவில்லையே தவிர, தலையில் பூ வைத்திருந்தாள். நம்ம டிவியின் ஏழு மணிச் செய்தியில் ஆர்ச் கேட் வந்தது. வரிசையாக நின்ற வேன்கள், ஜன்னலில் அழுகிற ஒரு குழந்தை. 'சாலை மறியலால் பொதுமக்கள் கடும் அவதி' என்று கீழே எழுத்து. பிறகு அக்கா முகம்.

"குழந்தைங்க எல்லாம் வெயில்ல வேன்ல உக்காந்திருக்கு. இப்படி மறியல் பண்றது தப்புங்க."

அவ்வளவுதான். அடுத்து ஏதோ ஊரில் யானை வந்துவிட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. "இருங்க, மீதி வரும். நான் நிறையப் பேசினேன்" என்றாள். யானை போய், தங்கம் விலை போய், விளையாட்டும் போய், வானிலையும் வந்துவிட்டது. மீதி வரவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த அண்ணன் மெதுவாக ரிமோட்டை எடுத்து உங்க டிவியைப் போட்டார். அங்கேயும் ஆர்ச் கேட் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வேன்களைக் காணோம். காலிக் கூடைகள், வேர்த்து வழிந்த முகங்கள், நடுவில் அஞ்சலை. 'கொந்தளித்த பெண்கள், அரசுக்கு எச்சரிக்கை' என்று எழுத்து. அதிலும் அக்கா.

"கூடையைத் தூக்கிட்டு எவ்வளவு தூரம் நடப்பாங்க? பஸ்ஸை விடுங்க, அவங்க ஏன் ரோட்டுல வந்து உக்காரப்போறாங்க?"

"ரெண்டும் நீதானே?" என்றார் அண்ணன்.

"ரெண்டும் சேர்ந்தாத்தான் நான்" என்றாள் அக்கா.

அண்ணன் ஏதோ கிண்டல் பண்ண வாயெடுத்தார். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் நல்ல மனிதர்.

மறுநாள் அஞ்சலை வரவில்லை. மறியலில் ரொம்ப நேரம் வெயிலில் உட்கார்ந்தது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அக்கா சொன்னாள். அதற்கடுத்த நாளும் டீயை இறக்கி வைத்துக் காத்திருந்தாள். பிறகு பின்வீட்டம்மா ஒரு கட்டு முளைக்கீரையோடு போவதைப் பார்த்து, யாரிடம் வாங்கியது என்று கேட்டாள். அஞ்சலையிடம்தான். எங்கள் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவோடு திரும்பிப் போகிறாள்.

அவள் ஊரில் எல்லார் வீட்டிலும் நம்ம டிவிதானாம்.

அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. நம்ம டிவிக்கு ஃபோன் போட்டாள். பாட்டு ஓடியது, அப்புறம் ஒரு பெண், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றாள். "கருத்து இல்லம்மா, என் பேச்சுல பாதியைக் காணோம்" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் பாட்டு. உங்க டிவிக்கும் போட்டாள், நியாயம் என்றால் நியாயம். அங்கே பாட்டு மட்டும்தான் வேறு.

கடைசியில் அந்த நிருபரையே மெயின் பஜார் டீக்கடையில் பிடித்தாள். நானும் கூடப் போனேன். அவர் பாவம், பஜ்ஜியை வாயில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, நான் முழுசாத்தான் அனுப்பினேன். ரெண்டு பேருக்கும் ஒரே வீடியோ. அங்க இருக்கறவங்க அவங்கவங்களுக்கு வேணும்ங்கறதை வெட்டி எடுத்துக்கிட்டாங்க."

"நீ கேக்கக் கூடாதா?"

"கேட்டா அடுத்த வாட்டி வேற ஆள்கிட்ட கேப்பாங்க. எனக்கு மாசச் சம்பளம் கிடையாதுக்கா. செய்தி வந்தாத்தான்."

அக்கா அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். இன்னொரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். அவர் தன் ஃபோனில் இருந்த முழு வீடியோவையும் அக்காவுக்கு அனுப்பிவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் நானும் அக்காவும் அஞ்சலையின் ஊருக்குப் போனோம். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதை. வழியெல்லாம் அக்கா பின்னாலிருந்து வாதங்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். வெட்டினது யார், அனுப்பினது யார், தான் சொன்னது என்ன என்று வக்கீல் மாதிரி.

அஞ்சலை வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். முகம் கொடுக்கவில்லை என்றாலும் கட்டிலை இழுத்துப் போட்டாள். அக்கா உட்காரக்கூட இல்லை, ஃபோனை நீட்டினாள். "பாரு அஞ்சலை. முழுசாப் பாரு."

அஞ்சலை பார்த்தாள். முழுவதும் பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாத்தேங்க. தப்புன்னுதான மொதல்ல சொல்றீங்க."

"அதுக்கப்புறம் சொன்னதைக் கேட்டியா? பஸ்ஸை விடுங்கன்னு உங்க எல்லாருக்காகவும்தானே பேசியிருக்கேன்!"

"அது அப்பறங்க. மைக்க நீட்டுனதும் வாயில மொதல்ல வந்தது எது? டிவிக்காரன் வெட்டுனான், சரி. அவனா உங்க வாயில வெச்சான்?"

அக்கா ஃபோனை அணைத்தாள். முந்திரிக்கொட்டையை ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை.

அப்புறம் அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். வழியில் அடுக்கிக்கொண்டு வந்த வாதம் எதையும் எடுக்கவில்லை. "நான் நின்ன இடத்துல வேன்தான் இருந்துது அஞ்சலை. அந்தக் குழந்தை அழுதுக்கிட்டே இருந்துச்சு. நீங்க எல்லாம் வண்டிகளுக்கு அந்தப் பக்கம். நீ உக்காந்திருக்கேன்னே அப்ப எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா வேற மாதிரிதான் ஆரம்பிச்சிருப்பேன். ஆனா தெரியாதப்ப அதுதான் வந்துது" என்றாள்.

கோழி சிதறவிட்ட கொட்டைகளை அஞ்சலை கையால் கூட்டிச் சேர்த்தாள்.

"எனக்கும் வேன் தெரியலங்க யக்கா. ரோட்டுல குந்திகினு இருந்தா என்னா தெரியும்? முன்னால போலீசுக்காரன் காலுதான் தெரிஞ்சுது. அவன் பூட்சையே பாத்துகினு இருந்தேன். புள்ள அழுவுறது வூட்டுக்கு வந்து டிவியில பாத்துதான் எனக்கே தெரியும். எனக்கும் ஒரு மாதிரியாதான் ஆயிருச்சு. அந்த நேரத்துல பாத்து நீங்க தப்புன்னு சொல்றீங்களா, கோவம் வந்துடுச்சு."

"கோவம் வந்தா தெருவையே விட்டுருவியா?"

"உங்க வூட்டத் தாண்டிதாங்க அந்தத் தெருவுல போவணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, எதற்கென்று தெரியாமல். அஞ்சலை கோழியை விரட்டிவிட்டு எங்களுக்கு டீ போட்டாள். அவள் வீட்டில் அக்கா டீ குடித்தது அதுதான் முதல்தடவை என்று திரும்பி வரும்போது அக்கா சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நம்ம டிவி என்ற பேச்சு போய்விட்டது. இரண்டுமே 'அவங்க டிவி' ஆகிவிட்டன. திட்டுவது நிற்கவில்லை, இரட்டிப்பானது. "அதான் நான் அப்பவே சொன்னேனே, எல்லாப் பயலும் ஒண்ணு" என்று அண்ணன் வெற்றிக் களிப்பில் ஆரம்பித்தார். "ஒண்ணு இல்ல. இவன் வெட்டினது வேற, அவன் வெட்டினது வேற. எது எதுன்னு பார்க்கணும். அதுக்கு ரெண்டையும் பார்க்கணும்" என்றாள். அண்ணனுக்கு இனி கிரிக்கெட் கிடையாது என்பது அதிலிருந்தே தெரிந்தது.

சில வாரங்கள் கழித்து பஸ் மறுபடியும் பழைய பாதையில் ஓடப்போவதாகச் செய்தி வந்தது. நிருபர் அக்காவுக்கு ஃபோன் செய்தார். முதல் நாள் பஸ் வரும்போது ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டார். அக்கா முடியாது என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எங்கேயும் வெட்ட முடியாத மாதிரி ஒரு வாக்கியம் வேணும்."

பத்தாம் வகுப்பில் நான் நடத்துகிற இலக்கணத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. "வினைமுற்று வந்தாத்தான்க்கா வாக்கியம் முடியும். அதுவரைக்கும் எச்சமாவே போட்டு இழுத்துட்டே போங்க. நடுவுல வெட்டினா அந்தரத்துல நிக்கும்" என்றேன். ராத்திரிச் சமையலை மறந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் எழுதுவேன், அவள் கத்தரிக்கோல்காரனாக மாறி எங்கே வெட்டலாம் என்று தேடுவாள். பல வாக்கியங்கள் வெட்டுப்பட்டுச் செத்தன. கடைசியில் ஒன்று தேறியது. அதை மூச்சு விடாமல் சொல்லிப் பழகினாள். மூச்சு விட்டால் அந்த இடத்தில் வெட்டிவிடுவார்களாம்.

மாலை போட்ட பஸ் வந்து ஆர்ச் கேட் அருகே நின்றது. அஞ்சலையும் மற்றப் பெண்களும் கூடையோடு இறங்கினார்கள். நிருபர் இரண்டு மைக்கையும் நீட்டினார். அக்கா அஞ்சலையின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒரே மூச்சில், ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னாள். நிருபரே பிரமித்து நின்றார்.

அன்று சாயங்காலம் கூடத்தில் நாங்கள் கொஞ்சம் பேர்தான். கடைசி பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று அஞ்சலையும் இருந்தாள். அக்கா அவளைப் படியில் உட்காரவிடாமல் உள்ளே கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்தாள். ஒரு சேனலில் பஸ் வந்தது, மாலை வந்தது, அக்கா வந்தாள். உதடு வேகவேகமாக அசைந்தது. சத்தம் இல்லை. கோட்டுக்காரர் குரல்தான் ஓடியது: "அரசின் உடனடி நடவடிக்கையால் பொதுமக்கள் மகிழ்ச்சி." அண்ணன் சேனலை மாற்றினார். அதே பஸ், அதே மாலை, அதே உதடு. "மக்கள் போராட்டத்துக்குப் பணிந்தது அரசு."

நான் அக்காவைப் பார்க்கவே பயந்தேன். எங்கள் இலக்கணமெல்லாம் வீண். அக்கா திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அஞ்சலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, திரையில் அசையும் அக்காவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"பஸ்ஸு வரலைன்னு ரோட்டுல குந்தி, அதுல இஸ்கூல் வேன் மாட்டிகினு புள்ளைங்க அழுவுறதப் பாத்துப் பதறி நான் தப்புன்னு சொல்லப்போயி, அது டிவியில வந்து, என் வூட்டுப் பக்கமே வராம இருந்த இந்த அஞ்சலையும் கூட்டாளிங்களும் அன்னிக்கு அப்படிக் குந்துனதாலதான் இன்னிக்கு இந்த பஸ்ஸே திரும்ப வந்திருக்குது."

அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூட விடவில்லை. அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ எப்படி மனப்பாடம் பண்ணினே?"

"பக்கத்துலதாங்க நின்னுகினு இருந்தேன்" என்றாள் அஞ்சலை. "நல்லாதான் சொன்னீங்க யக்கா. நடுவுல கொஞ்சம் மூச்சு வுட்டிருக்கலாம்."